ஜிம் இல்லாமல் உடம்பைத் தேற்ற: ஒரு கதவு, ஒரு பை, நாலு படிக்கட்டு

தரையில் குப்புறப் படுத்தால் தண்டால், எழுந்து நின்றால் உட்கார்ந்து எழும் பயிற்சி. தள்ளுவதற்கும் உட்காருவதற்கும் எந்தச் சாமானும் வேண்டாம். அதனால்தான் வீட்டில் உடற்பயிற்சி தொடங்குகிறவர்களில் பலர் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நெஞ்சும் முன்தொடையும் கொஞ்சம் இறுகியிருக்கும். முதுகும் பின்தொடையும் தொடங்கிய இடத்திலேயே இருக்கும். எண்ணிக்கை மட்டும் 20 தண்டாலிலிருந்து 50 ஆகியிருக்கும், அதற்குமேல் சலிப்பு.

ஜிம்மில் இருக்கிற, ஆனால் வீட்டில் இல்லாதவை என்று பார்த்தால் இரண்டுதான்: பிடித்து இழுக்க ஒரு கம்பி, கிலோ கிலோவாகக் கூட்டிக்கொண்டே போக எடைத்தட்டு. இந்த இரண்டுக்கும் முதலில் வழி செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுலபம். இங்கே அதிக இடம் இந்த இரண்டுக்குத்தான்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எவ்வளவு செய்தால் போதும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள், பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப் பயிற்சி. முதல் பாதி வேக நடையிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

இழுவை: கதவும் பெட்ஷீட்டும்

முதலில் சரியான கதவைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் இழுக்கும்போது கதவு நிலையோடு இன்னும் இறுக வேண்டும், திறக்கப் பார்க்கக் கூடாது. அதாவது, நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து தள்ளினால் திறக்கிற கதவு. உங்களை நோக்கி இழுத்துத் திறக்கிற கதவாக இருந்தால் உங்கள் பாரம் முழுவதையும் ஒரு சின்னத் தாழ்ப்பாள் தாங்க வேண்டியிருக்கும். அதன் ஸ்க்ரூ பிய்ந்தால் மல்லாந்து விழுவீர்கள், தலை தரையில் மோதும். தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று தெரிகிற மெல்லிய கதவு, கண்ணாடிக் கதவு, கீல் ஆடுகிற கதவு இவையெல்லாம் கூடாது.

1. நைந்துபோகாத பருத்தி பெட்ஷீட் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்காவது நூல் விட்டிருந்தால் அது வேண்டாம். நன்றாக இருந்தால் நீளவாக்கில் கயிறு போல முறுக்குங்கள்.
2. சரியாக நடுவில் ஒரு முடிச்சு. கை முஷ்டி அளவுக்கு வர வேண்டும். சிறிதாக இருந்தால் அதன் மேலேயே இன்னொரு முடிச்சு போடுங்கள்.
3. முடிச்சு மறுபக்கம் தொங்கும்படி கதவின் மேல் விளிம்பில் போட்டு, கீல் இருக்கும் பக்கத்துக்குச் சற்றுக் கிட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். விளிம்பைத் தாண்டும் இடத்தில் துணியின் முறுக்கைப் பிரித்துத் தட்டையாக்கினால்தான் கதவு முழுதாகச் சாத்தும்.
4. பூட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் சொல்வது மட்டும் போதாது, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.
5. இரண்டு நுனியையும் பிடித்து, பாதிப் பாரம் கொடுத்து இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள். முடிச்சு நகர்ந்தாலோ நிலைச்சட்டம் முனகினாலோ அந்தக் கதவை விட்டுவிடுங்கள்.

இப்போது பயிற்சி. பாதங்களைக் கதவுக்கு அருகில் வைத்து, கைகள் நீண்டிருக்க, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்துப் பின்னால் சாயுங்கள். முதலில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு நகர்த்தி, பிறகு முழங்கையை விலாவை ஒட்டி இழுங்கள். கை விலாவைத் தொட்டதும் ஒரு நொடி நிறுத்தி, 3 நொடியில் மெதுவாகத் திரும்புங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு செய்தால் வழுக்கும். வெறுங்கால் அல்லது ரப்பர் அடி வைத்த ஷூதான் சரி.

பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பாதத்தின் இடம்தான். கதவுக்கு அருகே போகப் போகச் சாய்வு கூடும், பாரம் ஏறும். தள்ளி நின்றால் லேசாகும். தரையில் 10 செ.மீ. இடைவெளியில் நாலைந்து டேப் துண்டுகள் ஒட்டி எண் போட்டுக்கொள்ளுங்கள். எடைத்தட்டில் எழுதியிருக்கும் கிலோவுக்கு இங்கே அந்த டேப்தான் பதில். அது இல்லாவிட்டால் போன வாரம் எங்கே நின்றோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. களைப்பில் பாதம் தானாகவே சுலபமான இடத்துக்கு நகர்ந்துவிடும். துணியைப் பிடிக்கும் இடத்திலும் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டால் அதுவும் மாறாது.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு மூன்று. இடுப்பு மடங்கிப் பின்புறம் கீழே தொங்குவது. அப்படியானால் பாரம் குறைந்துவிடும், பிட்டத்தை இறுக்கிக்கொண்டால் சரியாகும். தோள் காதுவரை ஏறுவது. கழுத்துத்தான் வலிக்கும், முதுகு வேலை செய்யாது. துணியை உயிரைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிப்பது. முதல் வாரத்திலேயே முழங்கையின் உள்பக்கம் வலி வரும். அதனால் முதல் 2 வாரம் 2 செட்டோடு (இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் 8 முதல் 15 தடவை ஒரு செட்) நிறுத்திக்கொள்ளுங்கள். பிடிப்பின் வலு மெதுவாகத்தான் வரும்.

கதவு வாய்க்கவில்லை என்றால் கனமான முதுகுப் பையை ஒரு கையால் இழுக்கலாம். ஒரு கையைச் சுவரோரம் வைத்த நாற்காலியில் ஊன்றி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, பையை இடுப்பெலும்பை நோக்கி இழுங்கள். மார்பை நோக்கி இழுத்தால் தோளும் கையும்தான் உழைக்கும், முதுகு தப்பித்துவிடும். மேஜைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்து இழுக்கும் பயிற்சியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நாலு காலும் ஓரத்தில் இருக்கிற கனத்த மர மேஜைக்கு மட்டும் அது பொருந்தும். நடுவில் ஒற்றைக் கால் உள்ள மேஜையும் கண்ணாடி மேஜையும் கவிழ்ந்தால் முகத்தில்தான் விழும்.

பூங்காவிலோ மாடியிலோ உறுதியான கம்பி இருந்தால் விடாதீர்கள். புல்-அப் (தொங்கியபடி தாடை கம்பிக்கு மேல் வரும்வரை உடம்பை இழுப்பது) ஒன்றுகூட வராதவர்கள் முதலில் வெறுமனே தொங்கட்டும்: 20 நொடி, 3 முறை. 30 நொடி சிரமமில்லாமல் தொங்க முடிந்த பிறகு, ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் கொண்டுவந்து, 5 நொடியில் மெதுவாக இறங்குங்கள். 3 முதல் 5 தடவை போதும், அடுத்த நாள் கை தூக்க முடியாத அளவுக்கு வலி எடுப்பது இதில் சகஜம். மரக்கிளையானால் பச்சையாக இருக்க வேண்டும், முன்கை அளவாவது பருமன் வேண்டும். கால் தரையில் இருக்கும்போதே பாரம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் கால் எடுக்க வேண்டும்.

எடைத்தட்டுக்குப் பதில்

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதைவிட நேர்மையான எடைக்கல் வீட்டில் கிடையாது. 2 லிட்டர் பாட்டில் 2 கிலோ, 20 லிட்டர் கேன் 20 கிலோவும் கேனின் எடையும். உலர்ந்த மணல் அதே அளவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது லிட்டருக்கு 1.5 கிலோவுக்குச் சற்றுக் கூடவே வரும். தண்ணீரை வழிய வழிய நிரப்புங்கள். பாதி நிரப்பினால் அலம்பிக்கொண்டே இருக்கும், தூக்கும்போது எடை இடம் மாறி மணிக்கட்டைத் திருப்பும். மூடியை டேப் சுற்றி அடைத்துவிடுவது நல்லது. வழுவழுப்பான தரையில் ஒரு கை தண்ணீர் சிந்தினால் போதும், அன்றைய பயிற்சி ஆஸ்பத்திரியில் முடியும்.

முதுகுப் பைதான் எல்லாவற்றுக்கும் உதவும் சாமான். அதை நிரப்புவதில் ஒரு முறை இருக்கிறது. புத்தகங்களையோ பாட்டில்களையோ துண்டில் சுற்றி, நகராதபடி நெருக்கி அடுக்குங்கள். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். லேசானது வெளிப்பக்கம். கனம் வெளியே தள்ளியிருந்தால் உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் முன்னால் குனிவீர்கள், இடுப்பு வலி அங்கேதான் ஆரம்பிக்கும். மணல் போடுவதானால் நேராகப் பைக்குள் கொட்டாமல் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் கட்டி, அதைத் தலையணை உறைக்குள் போட்டு முடிந்து வையுங்கள். தோள்பட்டி பையோடு சேரும் மேல் தையல்தான் முதலில் பிரியும். ஒவ்வொரு முறை எடை கூட்டும்போதும் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். சாதாரணப் பைக்கு 10 கிலோவுக்கு மேல் போவதானால் அந்த இடத்தில் தடித்த நூலால் இன்னொரு தையல் போட்டுக்கொள்வது நல்லது.

மொத்த எடை தெரிய வேண்டுமானால் எடைமெஷினில் பையோடு ஒரு முறை, பையில்லாமல் ஒரு முறை ஏறி வித்தியாசம் பாருங்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

வாளியின் கம்பிப் பிடி விரலை வெட்டும். துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பிடி மாட்டியிருக்கும் காது வெயிலில் கிடந்து வெளிறியிருந்தால் அது எந்த நிமிடமும் உடையலாம்.

தள்ளுவது: படிக்கட்டே அளவுகோல்

தண்டால் என்றாலும் புஷ்-அப் என்றாலும் ஒன்றுதான். அதில் கைமேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். தரையில் செய்யும்போது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம். முழங்காலை ஊன்றினால் 49. கையை 30 செ.மீ. உயரத்தில் வைத்தால் 55, 60 செ.மீ. உயரத்தில் 41. மாறாகக் காலை 30 செ.மீ. உயர்த்தினால் 70, 60 செ.மீ. உயர்த்தினால் 74.

70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைக் கிலோவில் போட்டுப் பாருங்கள். தரைத் தண்டால் 45 கிலோ. 60 செ.மீ. உயரத்தில் கை வைத்தால் 29 கிலோ. 30 செ.மீ. உயரத்தில் 38 அல்லது 39. காலை 60 செ.மீ. உயர்த்தினால் 52. அதாவது ஒரு படிக்கட்டு இருந்தால் 29-லிருந்து 52 கிலோவரை ஏறிப்போகிற ஒரு மெஷின் உங்களிடம் இருக்கிறது. ஒரு படி வழக்கமாக 15 முதல் 18 செ.மீ. உயரம். நாலாவது படியில் கை வைத்துத் தொடங்குங்கள். 3 செட்டிலும் 15 தடவை சுத்தமாக வந்தால் மூன்றாவது படி. இப்படி இறங்கித் தரைக்கு வந்து, பிறகு காலைப் படியில் ஏற்றுங்கள். நாலாவது படியில் கை வைத்தும் 8 தடவை வராவிட்டால் சுவரில் தொடங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முழங்கால் ஊன்றிச் செய்வதைவிடக் கையை உயர்த்திச் செய்வது மேல். முழங்கால் முறையில் இடுப்பை நேராகப் பிடிக்கும் பழக்கம் வராது. தரைக்கு மாறும் நாளில் அந்தக் குறை தெரியும்.

கைகளைத் தோள் அகலத்தைவிடச் சற்று விரித்து, முழங்கை உடம்பிலிருந்து 45 பாகை அளவில் விலகும்படி இறங்குங்கள். முழங்கை இரண்டு பக்கமும் நேராக விரிந்து ஆங்கில டி எழுத்து போலானால் தோளின் முன்பக்கம் உறுத்தும். மணிக்கட்டு வலித்தால் முஷ்டியை மடக்கித் துண்டின் மேல் ஊன்றலாம். பை மாட்டிக்கொண்டு செய்யும்போது பை கழுத்தை நோக்கி வழுக்கும். நெஞ்சின் குறுக்கே ஒரு துண்டால் இரண்டு பட்டிகளையும் சேர்த்துக் கட்டுங்கள்.

நாற்காலியில் பின்னால் கை ஊன்றி இறங்கும் டிப்ஸை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. தோள் அதன் எல்லைவரை பின்னால் போய்ப் பாரம் சுமக்கிறது. நாற்காலி பிளாஸ்டிக் ஆனால் கால் விரிந்துகொடுக்கும். கையின் பின்தசைக்குத் தண்டாலில் கைகளை நெருக்கி வைத்தாலே போதும்.

கால்: இரண்டு காலில் 30 தாண்டினால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம். 3 நொடியில் இறங்கி, பொத்தென்று விழாமல் நாற்காலியைத் தொட்டதும் எழ வேண்டும். இது 20 தடவை லேசாக வந்தால் நாற்காலியை எடுத்துவிட்டு இன்னும் கீழே போகலாம். ஆனால் இரண்டு காலில் 50, 100 என்று ஏற்றிக்கொண்டே போவதில் தாக்குப்பிடிக்கும் திறன் கூடுமே தவிர வலு பெரிதாகக் கூடாது.

அடுத்தது ஸ்பிளிட் ஸ்குவாட்: பின்காலை நாற்காலிமேல் வைத்து, முன்காலில் பாரம் கொடுத்து இறங்கி எழுவது. சிரமமான பயிற்சி, அதே அளவுக்குப் பலனும் உண்டு. இதில் கால் வைக்கும் தூரம்தான் எல்லாரும் தடுமாறும் இடம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். ஒரு காலை முன்னால் முழுதாக நீட்டுங்கள். குதிகால் தரையைத் தொடும் இடத்தில் முன்பாதத்தை வைத்து எழுந்து நில்லுங்கள். மற்றக் காலின் மேல்பாதத்தைப் பின்னால் நாற்காலியில் வையுங்கள். அந்தத் தூரம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும், டேப் ஒட்டி வையுங்கள். முன்பாதத்தின் குதிகால் தூக்கினால் தூரம் போதவில்லை. ஆடி விழப் பார்த்தால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருக்கிறது. தண்டவாளத்தின் இரண்டு கம்பிமேல் நிற்பது போல இடுப்பகலம் விட்டு வைத்தால் ஆட்டம் நிற்கும். முதல் சில நாள் சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம்.

பின்தொடைக்குத் துண்டு. வழுவழுப்பான தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிகாலுக்கும் கீழே மடித்த துண்டு. இடுப்பைத் தூக்கி, 4 நொடியில் குதிகாலை வெளியே வழுக்கவிடுங்கள். முதல் வாரங்களில் அங்கேயே இடுப்பைத் தரையில் இறக்கிவிட்டுக் காலை மடக்கி மறுபடி தொடங்குங்கள். இடுப்பு இறங்காமல் திரும்ப உள்ளே இழுப்பது அதற்கு அப்புறம். பழகாத பின்தொடை இதில் சுருக்கென்று குரக்களி பிடிக்கும். பயப்பட வேண்டாம், காலை நீட்டி, நுனிப்பாதத்தை உங்கள் பக்கம் இழுத்தால் விட்டுவிடும். அடுத்த செட்டில் பாதித் தூரம் மட்டும் வழுக்கினால் போதும்.

குனிந்து எடை தூக்குவதற்குத் துடைப்பக் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றையும் குச்சி தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பின்பக்கத்தால் கதவைச் சாத்துவது போல இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். மூன்றில் ஒரு இடம் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது, உங்கள் எல்லை அதற்கு முன்னால். குச்சியோடு 15 தடவை தப்பில்லாமல் வந்த பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள்.

நடுவுடம்பு

பிளாங்க், அதாவது முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராகப் பிடிப்பதை, ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப்பதில் பெருமையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. அதற்குப் பதில் ஒரு முழங்கையை மட்டும் ஊன்றிப் பக்கவாட்டில் பிடிக்கும் பக்கவாட்டுப் பிளாங்க், பக்கத்துக்கு 20 முதல் 40 நொடி. அல்லது ஒரு கையில் மட்டும் கனமான வாளியைத் தூக்கிக்கொண்டு, உடம்பு ஒரு பக்கம் சாயாமல் 30 நொடி நடப்பது. பிறகு கை மாற்றுவது. நேராக நடக்க முடியாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் எடை அதிகம்.

வாரம் எப்படி

வாரத்தில் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு பட்டியலை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

முதல் பட்டியல்: கதவு இழுவை, படிக்கட்டுத் தண்டால், ஸ்பிளிட் ஸ்குவாட், வாளி நடை.

இரண்டாம் பட்டியல்: தொங்குதல் அல்லது ஒற்றைக்கைப் பை இழுவை, பையைத் தலைக்கு மேல் தூக்குதல், பையோடு குனிதல், துண்டு வழுக்கல், பக்கவாட்டுப் பிளாங்க்.

இழுவை எப்போதும் முதலில். கடைசியில் வைத்தால் களைப்பு வந்து விட்டுப்போகும், அதுவே வழக்கமாகிவிடும். ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 15 தடவை. இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. இழுவை ஒரு செட், தண்டால் ஒரு செட் என்று மாற்றிச் செய்தால் ஒன்று உழைக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும், முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். முன்னதாக 5 நிமிடம் சூடேற்றிக்கொள்ளுங்கள்: இருந்த இடத்தில் நடை, கையைச் சுழற்றுதல், சுவரில் 10 தண்டால், அரைக்குந்தல் 10. அசையாமல் நீட்டிப் பிடிக்கும் நெளிவுகளைக் கடைசிக்கு வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? இன்னும் 2 தடவைதான் சுத்தமாக வரும் என்று தோன்றும்போது. எண்ணிக்கையை நம்ப வேண்டாம், வேகத்தைப் பாருங்கள். நீங்கள் முயன்றும் உடம்பு தானாக மெதுவாகத் தொடங்கினால் அந்த இடம் வந்துவிட்டது. 8 தடவையில் அங்கே வந்தாலும் 25-இல் வந்தாலும் தசை வளர்ச்சிக்கு அவ்வளவாக வித்தியாசமில்லை. அங்கே வராமல் 12 என்று எண்ணி எழுந்துபோவதில்தான் வாரங்கள் வீணாகின்றன.

அடுத்தடுத்த 2 நாள் 3 செட்டிலும் 15 வந்தால் ஒரு நிலை ஏறுங்கள்: தண்டாலில் கை ஒரு படி கீழே அல்லது கால் ஒரு படி மேலே, டேப்பில் கதவை நோக்கி ஒரு கோடு, பையில் 1 அல்லது 2 லிட்டர். ஏறியதும் எண்ணிக்கை 8, 9-க்கு விழும். விழத்தான் வேண்டும். ஏற்ற வழியில்லாவிட்டால் இறங்கும் நேரத்தை 3 நொடியிலிருந்து 5 ஆக்குங்கள், அல்லது அடியில் 2 நொடி நிறுத்துங்கள். தேதி, எந்தப் படி, எத்தனை தடவை என்று மூன்றே விவரம் ஒரு நோட்டில்.

10 நிமிடம்தான் இருக்கிறது என்ற நாளில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒற்றைப்படை நிமிடம் பிறந்ததும் இழுவை 8, இரட்டைப்படை நிமிடம் பிறந்ததும் தண்டால் 8. மீந்த நொடிகள் ஓய்வு. மொத்தம் 40-ம் 40-ம் ஆகிவிடும்.

மூச்சு வாங்கும் வேலை

இதில் சிக்கல் எதுவும் இல்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் கடும் உழைப்பு. வேக நடை, கயிறு தாண்டுதல், படி ஏறுதல் எது வேண்டுமானாலும் செய்யலாம். படியில் வேகமாக ஏறி, கைப்பிடியைத் தொட்டபடி நிதானமாக இறங்குங்கள். இறங்குவது சுலபமாகத் தெரியும், ஆனால் மறுநாள் தொடை வலி இறங்கியதால்தான் வருகிறது. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது அதற்குச் சிராய்ப்பு அதிகம். கீழ்வீட்டில் ஆள் இருந்தால் குதிப்பதை விட்டு, ஒரு படியில் ஏறி இறங்குவதை 30 நொடி வேகம், 30 நொடி ஓய்வு என்று 10 முறை செய்தாலும் அதே மூச்சு வாங்கும்.

எந்த வலிக்கு நிற்பது

முதல் நாள் முடிந்து 24 முதல் 72 மணி நேரம்வரை தசை முழுக்கப் பரவலாக, தொட்டால் வலிப்பது இயல்பு. லேசாக நடந்தால் குறையும். மூட்டில் ஒரு புள்ளியில் கூர்மையாக வலிப்பதும், மரத்துப்போவதும், கைகால் வழியே மின்சாரம் போல ஓடுவதும் இயல்பல்ல, அந்தப் பயிற்சியை அன்றே விடுங்கள். நீண்ட நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செய்தவருக்கு தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. நெஞ்சில் அழுத்தம், மயக்கம் வருவது போன்ற உணர்வு இருந்தாலும் அப்படியே.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். பாரத்தை எதிர்க்கும் பகுதியில் மூச்சை விட்டு, திரும்பும்போது இழுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுவரில் சாய்ந்து உட்காருவது போன்ற அசையாப் பிடிப்புகளை நீட்டிக்கக் கூடாது, அந்த நேரத்தில் அழுத்தம் ஏறும்.

ஒரு வாரம் விட்டுப்போனால் அதே படியில் ஒரு செட் குறைத்துத் தொடங்குங்கள். 3 வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் எல்லாவற்றிலும் ஒரு நிலை லேசாக்கி, முதல் நாள் 2 செட் மட்டும். பழைய நோட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால் தசை பிடித்துக்கொள்ளலாம். திரும்பத் தொடங்கும் நாளில் பையின் மேல்தையல், பெட்ஷீட்டின் நடு முடிச்சு, கதவின் கீல் மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நீங்கள் சும்மா இருந்த நாளில் அந்த பெட்ஷீட்டை யாராவது துவைத்து மடித்திருப்பார்கள். முடிச்சைப் புதிதாகப் போட்டு, பாதிப் பாரத்தில் இழுத்துப் பார்த்த பிறகு சாயுங்கள்.